மார்கழி மாதத்து மராமத்து

சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்துக்கு ஊரெல்லாம் போவது அலை நன்றாக இருக்கும்போது. எனக்கு அங்கே வேலை வருவது அலை கெட்ட பிறகு. கார்த்திகை தீபம் கழிந்து, வங்கக் கடலில் ஒன்றிரண்டு புயல் சின்னங்கள் வந்து போய், வாடை நிலைத்து வீசத் தொடங்கியதும் அலைச்சறுக்குப் பள்ளிகளிலிருந்து போன் வரும். "அண்ணே, போர்டெல்லாம் மூலையில குவிஞ்சு கிடக்குது. எப்ப வர்றீங்க?" ஒட்டுகிற ரெசின் இருக்கிறதா, கண்ணாடி இழைக் கிளாத் இருக்கிறதா என்று கேட்பேன். இருக்கிறது என்பார்கள். இருக்காது. சென்னையில் இறங்கி நானே வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

நான் காட்டுப்பள்ளிக்காரன். ஃபைபர் போட் கட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். காட்டுப்பள்ளி என்றால் இன்றைக்குப் பலருக்கும் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இவைதான் ஞாபகம் வரும். அந்த ஆலை 2010-இல் திறந்தது. நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. பேர் மீஞ்சூர் ஆலை, இருப்பது எங்கள் ஊரில். பேரை மீஞ்சூருக்குக் கொடுத்துவிட்டுக் குழாயை மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டோம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிவெளியும், வடக்கே பழவேற்காடு, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். நடுவில் கிடக்கிற நீளமான மணல்திட்டுதான் எங்கள் நிலம்.

ஃபைபர் வேலைக்கு என்னை இழுத்துவிட்டது சுனாமி. 2004 டிசம்பர் 26-க்கு முன்பும் இந்தக் கரையில் ஃபைபர் போட் உண்டு. ஆனால் கட்டுமரம்தான் அதிகம். அன்றைக்குக் கட்டுமரமும் வலையும் போனவர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் போட் கொடுத்தன. கடற்கரை ஊர்களில் திடீர்த் திடீரென்று போட் கட்டும் கொட்டகைகள் முளைத்தன. வேலை தெரிந்தவன், தெரியாதவன், நேற்றுவரை இறால் பொறுக்கியவன், எல்லாரும் ரோலரைக் கையில் பிடித்தார்கள். நானும் அப்படிப் பிடித்தவன்தான். எனக்கு வாய்த்த மேஸ்திரி நல்லவர். கண்ணாடி இழை மேட் எத்தனை அடுக்கு போட வேண்டுமோ அத்தனையையும் எண்ணிப் போடச் சொல்வார். ஒரு காற்றுக் குமிழ் தெரிந்தாலும் கிழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். பல கொட்டகைகளில் அப்படி இல்லை. அவசரத்தில் மெல்லிசாகக் கட்டிய போட்டுகள் இரண்டு மூன்று வருடத்தில் அடி பிளந்தன. அதனால் கட்டுவதைவிட ஒட்டுவதிலேயே என் கை தேறியது.

கோவளத்துக்குப் போன கதை சின்னது. சித்தப்பா மகளை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் போட் அணியத்தில் விரிசல் என்று கூப்பிட்டார். போனேன். போட்டுக்குப் பக்கத்திலேயே மூக்கு உடைந்த அலைச்சறுக்குப் பலகை ஒன்று கிடந்தது. "இதுவும் ஃபைபர்தானே மச்சான்?" என்றார். ஃபைபர்தான். ஆனால் போட்டுக்குள்ள ஃபைபர் வேறு, பலகைக்குள்ள ஃபைபர் வேறு என்பது தொட்டுப் பார்த்தவுடனே தெரிந்தது.

கோவளம் அதற்குள் பேர் வாங்கிவிட்ட ஊர். அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் அங்கே 'கோவளம் பாயிண்ட்' அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். தொழிலதிபர் அருண் வாசு துணை நின்றார். அடுத்த வருடமே அலையும் பாட்டும் சேர்ந்த விழா ஒன்று தொடங்கியது; தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ்கூட அந்த விழாவுக்கு வந்திருக்கிறார். 2021-இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. தண்ணீரில் நின்று சொல்லிக் கொடுக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் மீனவ வீட்டுப் பிள்ளைகள். அலையைப் படிக்கிற வேலையை அவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தரவில்லை. அதற்குக் கூலி உண்டு என்பதுதான் புதிது.

இனி மார்கழிக் கடலைச் சொல்ல வேண்டும்.

சித்திரை தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை கோவளத்துக்கு வருகிற அலை பக்கத்தில் பிறந்த அலை இல்லை. இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல்கள் கிளப்பி விட்டவை அவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வருவதால் சின்ன அலையெல்லாம் வழியிலேயே கழிந்து, பெரிய அலை மட்டும் ஒழுங்கான இடைவெளியில் வந்து சேரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 10, 12 வினாடி, சில நாள் அதற்கும் மேல். விடியலில் நிலக்காற்று மேற்கிலிருந்து மெல்லத் தள்ளும். அலையின் முகம் வழவழவென்று நிற்கும். பலகைக்காரர்கள் கேட்பது அதைத்தான்.

வாடை வந்தால் இதெல்லாம் தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து நேரே கரையைப் பார்த்து அடிக்கும். அலை பக்கத்துக் கடலிலேயே பிறந்து வளராமலே வந்துவிடும். ஐந்தாறு வினாடிக்கு ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எங்கே உடைவது என்று அதற்கே தெரியாமல் உடையும். உயரம் என்னவோ கூடுதல்தான். கரையில் நின்று பார்க்கிறவர் "அடேயப்பா, என்ன அலை!" என்பார். பலகைக்காரன் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். நீரோட்டமும் மாறும். தெற்கிலிருந்து வடக்கே போகிறதைத் தெண்டி வெள்ளம் என்போம். வடக்கிலிருந்து தெற்கே இழுக்கிறது வன்னி வெள்ளம். மார்கழியில் வன்னி. கோவளத்தில் இறங்கியவன் கொஞ்சம் அசந்தால் இறங்கிய இடத்துக்குத் தெற்கே வெகு தூரத்தில்தான் கரையேறுவான்.

உலகத்தில் வேறு சில அலை ஊர்களுக்குக் குளிர்காலம்தான் திருவிழா. ஹவாயின் ஓவாஹூ தீவில் வடகரையும், போர்ச்சுகலின் நசாரேயும் அப்படி. நசாரேயில் கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரைவரை வருவதால் அலை மலையாக எழும். 2020 அக்டோபரில் அங்கே செபாஸ்டியன் ஸ்டைட்னர் என்ற ஜெர்மானியர் 26 மீட்டருக்கு மேல் உயரமான அலையில் சறுக்கியது உலக சாதனை. இலங்கைக்காரர்களுக்கு இன்னும் வசதி. கிழக்கே அறுகம்பேயில் கடல் கெட்டால் தீவைக் கடந்து தென்மேற்கே வெலிகமவுக்கும் ஹிக்கடுவைக்கும் போய்விடுகிறார்கள். கோவளத்துப் பையன்கள் சிலரும் அந்த மாதங்களில் கேரளத்துக்கு, வர்க்கலைக்கோ அங்கே இருக்கிற இன்னொரு கோவளத்துக்கோ, சொல்லிக் கொடுக்கப் போவதுண்டு. மற்றவர்கள் ஊரிலேயே இருந்து அப்பாவோடு போட்டில் ஏறுவார்கள். மழைக்கு ஆறு திறந்து, முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் படுகிற காலம், அதுவும் வருமானம்தான்.

அந்த மாதங்களின் கோவளம் எனக்குப் பிடிக்கும். தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும், தர்காவுக்கு வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கம் நாட்டிய விழா நடக்கும். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்களின் பேருந்துகள் சிவப்புச் சிவப்பாக நிற்கும். பலகை வாடகைக்கு விடுகிற கடைகளில் மட்டும் ஆள் இருக்காது. சனி, ஞாயிறு பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளிலிருந்து நாலு பேர் வருவார்கள். கடலைப் பார்ப்பார்கள். படம் எடுத்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போவார்கள். சொல்லிக் கொடுக்கிற பையன்கள் வெயில் கண்ட பக்கமாக உட்கார்ந்து வலை பின்னுவார்கள். பழைய மழைக்காலத்துக் கதைகளைப் பேசுவார்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்ததைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை உண்டு.

நான் கொட்டகையில் பலகைகளைச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். இந்தத் தட்டலில்தான் பாதி வேலை. நல்ல இடம் இறுக்கமாகச் சத்தம் கொடுக்கும். கிளாத் நுரைக்கட்டையை விட்டு எழும்பிய இடம் பொக்கென்று கேட்கும். ஒரு வருடக் கடல் அந்தப் பலகையில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் பழகினால் யாரும் படித்துவிடலாம்.

ஓரத்தில் சின்னச் சின்ன நெளிவும் வெடிப்பும் இருந்தால் அது கோடைக் கூட்டம். ஒரே அலையில் நாலு பேர் ஏறி, ஒருவர் பலகை இன்னொருவர் பலகையில் இடித்தது. பின்பக்கத்துத் துடுப்புப் பெட்டி பிய்ந்திருந்தால், தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்த பிறகும் இறங்காமல் மணலில் ஏற்றியிருக்கிறார்கள்; வாடகைப் பலகையில் இது அதிகம். காலில் கட்டுகிற கயிற்றின் குமிழ் வேரோடு வந்திருந்தால் அது புரட்டாசி, ஐப்பசியில் திடீரென்று வந்த பெரிய அலை. மேல்தளத்தில் குதிகால் அளவுக் குழிகள் காயமே இல்லை. அது பலகை உழைத்ததற்கு அடையாளம், அதைச் சரி செய்யச் சொல்லிக் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். நடுவில் இரண்டாக முறிந்தது வந்தால் மட்டும் மனசு கனக்கும். பெரும்பாலும் அது வாடை அலையின் வேலை. கரையோரத்தில் செங்குத்தாக உடைகிற அலையில் ஆள் பலகையை விட்டுக் குதிப்பான், அலை அதன் முதுகில் விழும்.

முறிந்ததை ஒட்ட முடியும். நடுவில் ஓடுகிற மரச்சட்டத்தைச் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒட்டுப்பலகைத் துண்டு செருகி, நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, மூன்று அடுக்கு கிளாத் போட்டால் நிற்கும். எடை கூடும். பழைய துள்ளல் திரும்பாது. பள்ளியில் புதிதாகப் பழகுகிறவருக்குக் கொடுக்கலாம். போட்டிக்குப் போகிற பையனுக்கு ஆகாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஒட்டிக் காசு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு.

போட்டிலிருந்து பலகைக்கு வருகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உள்ளே என்ன நுரை என்பது. சில பலகைக்குள் பாலியூரித்தேன் நுரை. அதற்குப் போட்டுக்குப் போடுகிற பாலியஸ்டர் ரெசின் குடும்பமே போதும். இன்னும் சிலவற்றுக்குள் இருப்பது தெர்மாகோல் வகை நுரை. அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் பட்டால் அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைத் தின்றுவிடும். கண்ணெதிரே குழி விழும். அதற்கு எபாக்சிதான். பேர் எழுதிய ஒட்டுத்தாள் உரிந்துபோன பலகை வந்தால் விரிசலுக்குள் எட்டிப் பார்ப்பேன். மணி மணியாகத் தெரிந்தால் தெர்மாகோல் வகை. சந்தேகம் இருந்தால் எபாக்சி. எபாக்சி இரண்டிலும் ஒட்டும், விலைதான் அதிகம்.

அடுத்தது எடை. போட்டில் மேட் கூடினால் யாரும் கேட்கமாட்டார்கள். அதிகம் போட்டால் பலம் என்று சந்தோஷப்படுவார்கள். நாங்கள் போட்டில் போடுவது சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், அதன்மேல் 600 கிராம் நெசவு. பலகையில் 135 கிராம், மிஞ்சினால் 200 கிராம் கிளாத். ரோலர் கிடையாது. ரெசினை ஊற்றி, ரப்பர் பட்டையால் தோசைக்கல்லில் மாவை இழுப்பதுபோல மெல்ல இழுத்து, உபரியை வெளியே தள்ளிவிட வேண்டும். கிளாத் நனைய வேண்டும், மிதக்கக் கூடாது. போட் கொட்டகையில் பல வருடம் ரெசினைத் தாராளமாக ஊற்றிப் பழகிய கைக்கு இந்தக் கஞ்சத்தனம் வர நாளாகும்.

பிறகு மார்கழியின் சொந்தத் தொல்லைகள். பாலியஸ்டர் ரெசின் இறுகுவதற்குக் கோபால்ட் ஒரு பக்கம், கேட்டலிஸ்ட் ஒரு பக்கம். சித்திரை வெயிலில் கிலோ ரெசினுக்குப் 10 மில்லி கேட்டலிஸ்ட் போதும். கொஞ்சம் கூடினாலும் டப்பாவிலேயே புகைந்து கட்டியாகிவிடும். மார்கழி விடியலில் அதே 10 மில்லி போட்டால் மத்தியானம் வரை பிசுபிசுப்பு போகாது. 20 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் மேலே இறுகி உள்ளே நொறுங்கும். ஆகவே நான் காலையில் தேய்ப்பு வேலை மட்டும் செய்வேன், வெயில் ஏறி 11 மணிக்கு மேல்தான் ரெசினைத் தொடுவேன். மழை தூறினால் அன்றைக்கு டப்பாவையே திறப்பதில்லை. ஈரக் காற்றில் போட்ட கிளாத் பால் நிறத்தில் வெளுத்துப்போகும். பார்க்க அசிங்கம், பிடிப்பும் குறைவு.

இந்த இடத்தில் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கோபால்டையும் கேட்டலிஸ்டையும் ஒருநாளும் நேராகச் சேர்க்காதீர்கள். ஒன்றை ரெசினில் முழுசாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில் வைப்பதுகூட வேண்டாம். தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். தூசி உடம்பில் பட்டால் முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரில் குளித்தால் அரிப்பு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது.

பலகைக்குள் தண்ணீர் போயிருந்தால் எந்த ரெசினும் பிடிக்காது. விரிசலைக் கீழ்ப்பக்கமாக வைத்து நிறுத்தினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். உப்புத் தண்ணீர், கொஞ்சம் மஞ்சளாக, நாட்பட்டது என்றால் நாற்றத்தோடு. கோடையில் சில நாளில் காய்ந்துவிடும். மார்கழியில் வாரக்கணக்கு. குண்டு பல்பைத் தூரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் காய வைப்பேன். பக்கத்தில் வைத்தால் சூட்டுக்கு நுரை உப்பும். வெயில் பட்டால் தானே இறுகுகிற ட்யூப் ரெசின் ஒன்று வருகிறது. கோடையில் சில நிமிடத்தில் வேலை முடியும், நல்ல பொருள். மேகமூட்டத்தில் அதை அப்பிவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சிலர் குழாய்க்கு அப்புகிற எம்-சீலைப் போட்டு அனுப்புவார்கள். ஒரு நாள் அவசரத்துக்கு அது மோசமில்லை. ஆறு மாதம் அப்படியே விட்டால் அதைப் பெயர்ப்பதே தனி வேலை.

வேலை நடக்கும்போது பையன்கள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். போட்டி பற்றித்தான் பேச்சு. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் அங்கேயே ஆசிய சாம்பியன்ஷிப். கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். இந்த இரண்டு போட்டியும் ஆகஸ்டில் நடந்தது ஏன் என்று இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பினால் அக்கா மகன் ஒரு கேள்வியோடு நிற்பான். "மாமா, நம்ம ஊர்லயும் கடல் இருக்குது, அலை இருக்குது. நாம ஏன் ஆரம்பிக்கக் கூடாது?"

அலை இருந்தால் மட்டும் போதாது. அலை உடைவதற்கு ஏற்ற அடிமணல் வேண்டும். கோவளத்தில் கடலுக்குள் நீட்டிய கரைமுனையும் பாறையும் அலையை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக உடைய வைக்கின்றன. எங்கள் கரை நேர்க்கோடு. அலை ஒரே சமயத்தில் மொத்தமாக விழும். அதையாவது பழகிக்கொள்ளலாம். மணல் போனால் என்ன செய்ய? இந்தக் கரையில் தெண்டி காலத்தில் மணல் வடக்கே போகும், வன்னி காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கேதான் அதிகம். நடுவில் கல்சுவர் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை தின்னப்படும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம் கரைந்ததும் இப்படித்தான். 2001-இல் எண்ணூரில் துறைமுகம் திறந்தது; அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். வடக்கே இருக்கிற குப்பங்கள் தங்கள் கரை வருடா வருடம் கரைவதைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. கடலோரம் இருந்த எங்கள் குப்பமே இடம் மாற்றப்பட்டது. கல் கொட்டிய கரையில் அலை உடைந்து தீராது, மோதித் திரும்பும். திரும்புகிற அலையும் வருகிற அலையும் சேருகிற இடத்தில் பலகை நிற்காது.

எண்ணெய் வேறு. 2017 ஜனவரி 28 விடியலில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை முழுக்க ஒதுங்கியது. ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்து, வலையும் போட்டும் சதுப்பு மரமும் கறுத்தன. அந்தப் போட்டுகளைத் தேய்த்து எடுத்தவர்களில் நானும் ஒருவன். எண்ணெய் குடித்த ஃபைபரில் புது மேட் ஒட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். ஆகவே அக்கா மகனிடம், இங்கே அலைச்சறுக்குப் பள்ளி வராது என்று பூசி மெழுகாமல் சொல்லிவிட்டேன்.

ஆனால் வேறொன்று வரலாம். நான் தொட்ட பலகைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு. கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து மீனவ வீட்டுப் பையன் ஒருவன் சொந்தமாக வாங்க முடியாத விலைக்கு வந்து நிற்கிறது. 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அலைச்சறுக்கு முதல்முறையாகச் சேர்கிறது. நம் பையன்கள் பயிற்சி எடுக்கிற பலகை ஒட்டுப் போட்டதாக இருக்கிறது. பழவேற்காடு முதல் எண்ணூர் வரை சுனாமிக்குப் பிறகு ஃபைபர் பழகிய கைகள் ஏராளம்; அதில் பலர் இப்போது கம்பெனி வாசலில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கிறார்கள். நுரைக்கட்டையை இழைத்து வடிவம் எடுக்கிற வேலையை மட்டும் தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்லிக் கொடுத்தால் போதும், மிச்சம் எங்களுக்குத் தெரியும். வாடைக்காலத்தில் போட் வேலை குறைவு. அந்த மூன்று மாதத்தில் அடுத்த சித்திரைக்கான பலகைகளைக் கட்டி முடித்துவிடலாம்.

மீன்வளத் துறையிலோ தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலோ இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். மீஞ்சூர்ப் பக்கம் மழை ஒழுகாத கொட்டகை ஒன்றும், தூசி இழுக்கிற விசிறி இரண்டும், மின்சார இணைப்பும் கொடுங்கள். வேலை தெரிந்தவர்களை நான் கூட்டி வருகிறேன்.